அதிபர் வேட்பாளரின் எரிசக்தி ஆலோசகருக்கு உண்மையில் என்ன வேலை?

பாலாற்றான்:

வணக்கம். பொதுக்கொள்கையில் முதுகலை படிக்கிறேன். பருவக் கட்டுரைக்கு நான் எடுத்திருக்கும் தலைப்பு, அமெரிக்க அதிபர் தேர்தல்களில் எரிசக்தி, சுற்றுச்சூழல் ஆலோசகர்கள். பெயர்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. 2008ல் ஒபாமாவுக்கு ஜேசன் க்ரூமெட், ஹெதர் ஸைக்கல். மெக்கெய்னுக்கு டக்ளஸ் ஹோல்ட்ஸ்-ஈக்கின், முன்னாள் சி.ஐ.ஏ. இயக்குநர் ஜேம்ஸ் வுல்சி. 2016ல் ஹிலரிக்கு ட்ரெவர் ஹவுசர், ட்ரம்புக்கு வடக்கு டகோட்டா எம்.பி. கெவின் க்ரேமர். அதைத் தாண்டி எனக்கு ஒன்றும் நகரவில்லை.

ஜெயித்தால் இவர்கள்தான் அமைச்சராகிறார்களா? இவர்கள் எழுதிக் கொடுப்பதை வேட்பாளர் கேட்கிறாரா, இல்லை பேருக்கு வைத்துக்கொள்கிறாரா? பிரசாரத்தில் சொன்னதற்கும் ஆட்சியில் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லையென்றால் நான் எதைப் பற்றித்தான் எழுதுவது? “ஒரே ஒரு தேர்தலை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போ” என்கிறார் வழிகாட்டிப் பேராசிரியர். எந்தத் தேர்தல் என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

டீக்கடை பெஞ்சு:

ஆலோசகராவது ஒன்றாவது. எண்ணெய்க் கம்பெனிக்காரன் எழுதிக் கொடுப்பான், இவர்கள் மேடையில் வாசிப்பார்கள். 2016ல் ட்ரம்புக்கு எரிசக்தி விஷயத்தில் காதோடு காதாகப் பேசியவர் யார்? ஹரால்ட் ஹாம். கான்டினென்டல் ரிசோர்சஸ் என்ற எண்ணெய்க் கம்பெனியின் முதலாளி. அந்த வருடம் மே மாதம் ட்ரம்ப் தன் எரிசக்திக் கொள்கையை எங்கே போய் அறிவித்தார்? வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க்கில், எண்ணெய்க்காரர்கள் மாநாட்டில். இதற்குமேல் ஆராய்ச்சி வேண்டுமா? கட்டுரையை அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம் தம்பி.

கிரிட்காரன்:

பெஞ்சு சொல்வது பாதி சரி. மீதிப் பாதியில்தான் தம்பி மதிப்பெண் வாங்க வேண்டும்.

நான் இண்டியானாவில் ஒரு மின்சாரக் கம்பெனியின் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்தவன். இப்போது ஓய்வு. அங்கே அந்தக் காலத்தில் மின்சாரம் என்றாலே நிலக்கரிதான். அடுத்த இருபது வருடத்துக்கு எந்த நிலையத்தை ஓட்டுவது, எதை மூடுவது, எதற்குப் பணம் போட்டுப் புகைபோக்கியில் வடிகட்டி மாட்டுவது என்று கணக்குப் போட்டு மாநில ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் “கார்பன் விலை” என்று ஒரு நெடுவரிசை உண்டு. சட்டம் எதுவும் வராத நிலையில் அதில் என்ன எண்ணைப் போடுவது? அதற்காகத்தான் தேர்தல் அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அரசியல் ஆர்வமெல்லாம் அப்புறம் வந்தது.

நீ 2008ஐ எடுத்துக்கொள். காரணம், அன்று இரண்டு கட்சி வேட்பாளர்களுமே கார்பன் புகைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார்கள். இன்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மெக்கெய்ன் 2003லேயே செனட்டர் லீபர்மனோடு சேர்ந்து செனட்டில் மசோதா கொண்டுவந்து 43-55 என்று தோற்றவர். 2008 மே மாதம் ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில், வெஸ்டாஸ் காற்றாலைக் கம்பெனியின் வளாகத்திலேயே நின்று, 2050க்குள் 1990ன் அளவிலிருந்து 60 சதவீதம் குறைப்போம் என்றார். ஒபாமா 80 சதவீதம் என்றார். மொத்தப் புகைக்கு அரசு ஒரு வரம்பு வைக்கும், டன்னுக்கு ஒரு அனுமதிச் சீட்டு, மிஞ்சியவன் குறைந்தவனுக்கு விற்கலாம். ஏற்பாடு இருவருக்கும் ஒன்றுதான்.

வித்தியாசம் ஒரே ஒரு வரியில் இருந்தது. அந்தச் சீட்டுகளைக் கம்பெனிகளுக்குச் சும்மா கொடுப்பதா, ஏலம் விடுவதா? மெக்கெய்ன் தரப்பு ஆரம்பத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் படிப்படியாக ஏலத்துக்கு வரலாம் என்றது. ஒபாமா 2007 அக்டோபரிலேயே நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத்தில் நூறு சதவீதமும் ஏலம் என்று சொல்லிவிட்டார். நிலக்கரியை வைத்துப் பிழைக்கும் கம்பெனிக்கு இது எத்தனை கோடி டாலர் விஷயம் என்று யோசித்துப் பார். காற்றாலை, சூரியத் தகடு, பசுமை வேலைவாய்ப்பு எல்லாம் பேசிய அந்த அறிக்கையில் எங்கள் ஆபீசில் அடிக்கோடு விழுந்தது அந்த ஒரு வரிக்குத்தான்.

இங்கேதான் ஆலோசகர் வருகிறார். க்ரூமெட் யார்? தேசிய எரிசக்திக் கொள்கை ஆணையம் என்ற அமைப்பை நடத்தியவர். பேரைப் பார்த்து அரசாங்க ஆணையம் என்று நினைத்துவிடாதே. அறக்கட்டளைப் பணத்தில் நடந்தது. மின்கம்பெனிக்காரர், தொழிற்சங்கத்தார், சூழலியலாளர் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பொது உடன்பாடு காண்பதுதான் அதன் வேலை. 2004 டிசம்பரில் அவர்கள் கொடுத்த அறிக்கை, சீட்டுகளில் பெரும்பகுதியை இலவசமாகக் கொடுக்கச் சொன்னது. டன்னுக்கு 7 டாலருக்கு மேல் விலை ஏறாதபடி ஒரு தடுப்பும் வைத்தது. ஆக, மேஜையில் அத்தனை சமரசம் செய்தவர், சமரசமே இல்லாத நூறு சதவீத ஏலத்துக்காக மேடை மேடையாகப் போய் வாதாடினார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆலோசகரின் சொந்தக் கருத்தை வேட்பாளர் விலைக்கு வாங்குவதில்லை. எந்த வாக்குறுதி எந்த இடத்தில் உடையும், உடைந்தால் அடுத்து எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரிந்த ஆளைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

கேட்கிறாரா என்ற கேள்விக்கு என் வீட்டு வாசலிலேயே ஒரு உதாரணம் நடந்தது. 2008 ஏப்ரலில் மெக்கெய்ன், கோடைக்காலம் முழுக்க மத்திய அரசின் பெட்ரோல் வரியை, அதாவது காலனுக்கு 18.4 சென்டை, நிறுத்தி வைக்கலாம் என்றார். ஹிலரியும் ஆமாம் போட்டார். ஒபாமா முடியாது என்றார். மே 6 அன்று எங்கள் இண்டியானாவில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். அதற்கு முந்தின வாரம் டிவியைத் திறந்தால் இதுதான். ஒரு டேங்க் 15 காலன் என்றால் மிச்சம் 2 டாலர் 76 சென்ட். அதுவும் பங்க்காரர் விலையைக் குறைத்தால்தான். இருநூறுக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் இது வீண் என்று கையெழுத்துப் போட்டார்கள். பொருளாதார அறிஞர்கள் பக்கம் தான் சேரப்போவதில்லை என்று ஹிலரி டிவியிலேயே சொல்லிவிட்டார். மெக்கெய்னின் ஆலோசகர் ஹோல்ட்ஸ்-ஈக்கினோ நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் தலைவராக இருந்த பொருளாதார அறிஞர். அவரும் இந்த வரி விடுமுறைக்கு வக்காலத்து வாங்க வேண்டியிருந்தது.

ஒபாமா மட்டும் எப்படித் தப்பினார்? ஆலோசகர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைக்காதே. 2000ல் இலினாய் மாநில செனட்டராக இருந்தபோது அவரே இப்படி ஒரு வரி விடுமுறைக்கு ஓட்டுப் போட்டவர். அந்தப் பலன் ஜனங்களுக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை என்பதைத் தன் அனுபவமாகவே சொன்னார். வேட்பாளருக்கே பட்டறிவு இருக்கும் இடத்தில் ஆலோசகர் சொல்வது ஏறும். இல்லாத இடத்தில் கருத்துக்கணிப்பு சொல்வதுதான் ஏறும். இண்டியானாவில் ஹிலரி மயிரிழையில் ஜெயித்தார் என்பதையும் சேர்த்தே எழுது.

அப்புறம் அந்தக் கோடையின் டயர் கூத்து. கச்சா எண்ணெய் ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டிருந்தது. கடலில் துளை போடத் தடை நீங்க வேண்டும் என்று மெக்கெய்ன் ஜூன் மாதமே பழைய நிலையை மாற்றிக்கொண்டார். ஒபாமா மிசூரியில் ஒரு கூட்டத்தில், எல்லோரும் டயரில் சரியாகக் காற்றடித்து வைத்தாலே நிறைய எண்ணெய் மிச்சமாகும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். உடனே மெக்கெய்ன் தரப்பு “ஒபாமாவின் எரிசக்தித் திட்டம்” என்று அச்சடித்து, டயர் அழுத்தம் பார்க்கும் கருவியை 25 டாலர் நன்கொடைக்கு அனுப்ப ஆரம்பித்தது. எங்கள் பிரிவிலும் ஒருவர் வாங்கி மேஜையில் பேனாவோடு நிற்க வைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால் அது நன்றாகவே வேலை செய்தது. குளிர்காலம் வந்ததும் பார்க்கிங்கில் ஆளாளுக்குக் கேட்டு வாங்கிப் போனார்கள். சரியான காற்றழுத்தம் மைலேஜைக் கொஞ்சம் கூட்டும் என்பது எரிசக்தித் துறையே சொல்லும் விஷயம். ஆகஸ்ட் 4ம் தேதி மிச்சிகனின் லான்சிங்கில் ஒபாமா முழுத் திட்டத்தையும் அறிவித்தார். பத்து வருடத்தில் 15,000 கோடி டாலர், 50 லட்சம் வேலை, 2015க்குள் மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றும் 10 லட்சம் கார்கள். அந்த வார டிவியில் அதைவிட டயர்தான் அதிகம் ஓடியது. ஆலோசகர் மாதக்கணக்கில் உழைத்ததற்கு இதுதான் மரியாதை.

சரி, எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டாயே. நான் அந்த அறிக்கைகளைப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒன்று எழுதி வைப்பேன். இது நடக்க யார் கையெழுத்துப் போட வேண்டும்? அதிபர் ஒருவரா, ஏற்கெனவே இருக்கும் சட்டத்தின்கீழ் ஒரு துறையா, இல்லை செனட்டில் 60 பேரா? (நூறு பேர் உள்ள செனட்டில் எதிர்த்தரப்பின் முட்டுக்கட்டையைத் தாண்டிச் சட்டம் போட அத்தனை பேர் வேண்டும்.)

நூறு சதவீத ஏலத்துக்கு 60 பேர் வேண்டும். 2009 பிப்ரவரியில் ஒபாமாவின் முதல் பட்ஜெட், ஏலத்தில் வரும் பணம் என்று சுமார் 64,600 கோடி டாலரை வரவிலேயே எழுதி வைத்தது. அந்த ஜூன் 26ல் கீழ்சபையில் 219-212 என்று தப்பிப் பிழைத்த வாக்ஸ்மன்-மார்க்கி உச்சவரம்பு மசோதாவில், தொடக்க வருடங்களுக்கான சீட்டுகளில் 85 சதவீதம் போல இலவசம் என்றாகிவிட்டது. க்ரூமெட்டின் பழைய 2004 மேஜை திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மசோதாவும் 2010ல் செனட்டில் ஓட்டெடுப்பு வரைகூடப் போகாமல் செத்தது.

இதற்கு நேர் எதிராக, 2008 அக்டோபரில் க்ரூமெட் ப்ளூம்பெர்க் செய்தியாளரிடம் சொன்ன ஒரு விஷயம். ஒபாமா ஜெயித்தால், தூய காற்றுச் சட்டத்தின்கீழ் கார்பன் டை ஆக்சைடை ஆபத்தான மாசு என்று வகைப்படுத்தும் வேலையை இ.பி.ஏ. என்கிற சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தொடங்கும் என்றார். அப்படிச் செய்ய அந்தச் சட்டம் இடம் தருகிறது என்று உச்ச நீதிமன்றம் 2007 ஏப்ரலில், மாசசூசெட்ஸ் தொடுத்த வழக்கில், 5-4 என்று தீர்ப்பளித்திருந்தது. நாடாளுமன்றம் வேண்டாம், 60 பேர் வேண்டாம். பத்திரிகைகள் அந்தப் பேட்டியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் சட்டப் பிரிவு எடுத்துக்கொண்டது. அன்று மத்தியானமே அச்செடுத்த காகிதம் என் மேஜைக்கு வந்துவிட்டது. 2009 டிசம்பர் 7ம் தேதி இ.பி.ஏ. அதைச் செய்தும் விட்டது. 2012 மாடல் கார்களில் தொடங்கி வந்த புகை வரம்பும், 2015ல் மின்நிலையங்களுக்கு வந்த விதியும் அதன்மேல் கட்டியவை. மின்நிலைய விதியை உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தது வேறு கதை. அந்த 2009 முடிவையே ரத்து செய்ய ட்ரம்ப் ஆட்சி 2025ல் முன்மொழிவு வெளியிட்டது என்றால், அது எவ்வளவு ஆழமாக ஊன்றிய முளை என்று பார்த்துக்கொள்.

பதவி விஷயம் சுருக்கமாக. க்ரூமெட் அமைச்சராகவில்லை, தன் அமைப்புக்கே திரும்பினார். எரிசக்தி அமைச்சரானவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஸ்டீவன் சூ. அவர் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்புதான், அமெரிக்கப் பெட்ரோல் விலையை எப்படியாவது ஐரோப்பிய அளவுக்கு ஏற்ற வழி பார்க்க வேண்டும் என்று ஒரு பத்திரிகையிடம் சொல்லியிருந்தார். பிரசார ஆலோசகராக இருந்திருந்தால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வெள்ளை மாளிகையில் இதையெல்லாம் ஒருங்கிணைத்தவர் கிளின்டன் காலத்து இ.பி.ஏ. தலைவர் கரோல் ப்ரௌனர். அவருக்குக் கீழே இருந்தவர் ஸைக்கல். மேடையேறி வாதாடும் பெரிய பெயர்கள் ஒரு பக்கம் போக, இரவெல்லாம் அறிக்கை எழுதிய சின்னப் பெயர்கள்தான் பெரும்பாலும் உள்ளே போகின்றன.

பாலாற்றான்:

சார், கும்பிடு போட வேண்டும் போலிருக்கிறது. ஒரு சந்தேகம். இவர்களுக்குப் பிரசாரத்தில் சம்பளம் உண்டா? இன்னொன்று, உங்கள் எக்செல் நெடுவரிசையில் கடைசியில் என்னதான் போட்டீர்கள்?

கிரிட்காரன்:

சம்பளப் பட்டியலில் ஓரிருவர்தான் இருப்பார்கள். மீதிப்பேர் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ இருந்துகொண்டு இரவில் எழுதிக் கொடுப்பவர்கள், அல்லது ஹவுசர் மாதிரி தன் நிறுவனத்தில் விடுப்புப் போட்டு வருபவர்கள்.

நெடுவரிசையில் மூன்று எண் போட்டோம். பூஜ்ஜியம், கொஞ்சம், நிறைய. இரண்டு வேட்பாளருமே உச்சவரம்பு என்றதால் 2008ல் பூஜ்ஜியத்துக்கு மரியாதையே இல்லை, மேலிடத்தில் அதை எடுத்துவிடக்கூடச் சொன்னார்கள். கடைசியில் ஜெயித்தது பூஜ்ஜியம்தான். ஆனாலும் எங்கள் நிலக்கரி நிலையங்கள் மூடின. ஷேல் பாறையை உடைத்து எடுத்த எரிவாயு வந்து அடித்த அடி. 2008 ஜூலையில் 13 டாலர் பக்கம் போன எரிவாயு, 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே வந்தது. நாட்டின் மின்சாரத்தில் 2008ல் 48 சதவீதமாக இருந்த நிலக்கரியின் பங்கு 2020ல் 19. மெக்கெய்ன் 2030க்குள் 45 அணு உலை என்றார், இரண்டு பேரும் சுத்தமான நிலக்கரி என்றார்கள். ஷேல் எரிவாயு நிலக்கரியை இப்படி அடிக்கும் என்பதை இரண்டு திட்டத்திலும் தேடிப் பார், கிடைக்காது. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கு.

நியூஜெர்சி நளினி:

கிரிட்காரன் அண்ணா சொன்ன ஸைக்கல் கதைக்கு 2019ல் ஒரு தொடர்ச்சி உண்டு. மே மாதம், பைடன் பருவநிலை விஷயத்தில் “நடுவழி” பார்க்கிறார் என்று ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டது. அதில் அடிபட்ட ஆலோசகர் பெயர் ஸைக்கல். வெள்ளை மாளிகையை விட்டு வந்தபின் திரவ எரிவாயு ஏற்றுமதி செய்யும் செனியர் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தவர். இளைஞர் அமைப்புகள் கொதித்துவிட்டன. ஆக, எந்த ஆலோசகரை வைத்துக்கொள்கிறாய் என்பதே ஒரு கொள்கை அறிவிப்பாகிவிட்டது. 2008ல் இந்த அளவுக்கு யாரும் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கம், பருவநிலை ஒன்றையே பேசி நின்ற வாஷிங்டன் ஆளுநர் ஜே இன்ஸ்லீ அந்த ஆகஸ்டில் விலகினார். அவருடைய திட்டத்தை அடுத்த மாதமே இன்னொரு வேட்பாளரான எலிசபெத் வாரன் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டார். இன்ஸ்லீயிடம் வேலை பார்த்த மேகி தாமஸ் வாரனிடம் போனார், பிறகு பைடனின் வெள்ளை மாளிகைக்கும் போனார். 2020ல் பைடன், உட்கட்சிப் போட்டியில் அவரிடம் தோற்ற சாண்டர்ஸ், இரு தரப்பும் கூட்டுக் குழு போட்டார்கள். தலைமை ஜான் கெர்ரியும் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸும். இளைஞர்களின் பருவநிலை அமைப்பான சன்ரைஸ் இயக்கத்தின் வர்ஷினி பிரகாஷும் உறுப்பினர். அந்த ஜூலையில் வந்த பைடன் திட்டத்தில் 2035க்குள் கார்பன் இல்லாத மின்சாரம் என்ற வரி இருந்தது. இன்ஸ்லீ திட்டத்திலிருந்து வாரன் எடுத்துக்கொண்டதும் அதே வரிதான். தோற்ற வேட்பாளரின் ஆலோசகர்களையும் விடாதே தம்பி.

கிரிட்காரன்:

நளினி சொன்னது நல்ல சேர்க்கை. அதே பென்சிலை அங்கேயும் ஓட்டிப் பார்க்கலாம். அந்த 2035 வரிக்குப் பல் கொடுத்திருக்க வேண்டிய தூய மின்சாரத் திட்டம், 2021 அக்டோபரில் பைடன் கட்சி செனட்டர் மான்ச்சின் ஒருவருக்காகக் கழற்றப்பட்டது. பெரும்பாலும் வரிச்சலுகை வடிவில் இருந்தவைதான் 2022 ஆகஸ்டில் 51-50ல் தேறின. அவை 60 பேர் இல்லாமல், சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்கிற பட்ஜெட் வழியில் போனவை.

டீக்கடை பெஞ்சு:

அதையும்தான் 2025 ஜூலையில் ட்ரம்ப் நிறையவே வெட்டிவிட்டாரே! அதுவும் பட்ஜெட் வழியில்தான் அண்ணாச்சி. போன வழியே திரும்பி வந்தது. கையெழுத்துக் கணக்கெல்லாம் சரி, ஒரே ஆள் கையெழுத்து போதும் என்ற விஷயத்தை அந்த ஒரே ஆளே மறுத்தால்?

கிரிட்காரன்:

அது 2000ல் நடந்தது பெஞ்சு. அந்த செப்டம்பர் 29ல் புஷ் மிச்சிகனின் சாகினாவில் பேசும்போது, மின்நிலையங்கள் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் இவற்றோடு கார்பன் டை ஆக்சைடையும் குறைத்தாக வேண்டும் என்று வாக்குறுதி கொடுத்தார். எதிரில் அல் கோர். ஜெயித்து வந்ததும் இ.பி.ஏ. தலைவர் கிறிஸ்டின் டாட் விட்மன் அதை நம்பி, 2001 மார்ச் தொடக்கத்தில் இத்தாலியின் த்ரியஸ்தெயில் ஜி-8 சுற்றுச்சூழல் அமைச்சர்களிடமும் அப்படியே பேசிவிட்டு வந்தார். மார்ச் 13ல் புஷ் செனட்டர் ஹேகல் முதலியோருக்கு ஒரு கடிதம் எழுதி அதைக் கைவிட்டார்.

தம்பி, 2008ஐ எடுத்துக்கொண்டாலும் இந்தக் கடிதத்தை முதல் அத்தியாயத்தில் வை. தூய காற்றுச் சட்டத்தின்கீழ் கார்பன் டை ஆக்சைடு மாசு அல்ல என்று அதில் சொல்லியிருக்கிறார். ஆறு வருடம் கழித்து உச்ச நீதிமன்றம் திருப்பிப் போட்டதும், அதற்கடுத்த வருடம் க்ரூமெட் ப்ளூம்பெர்க்கிடம் எடுத்துச் சொன்னதும் அதே கேள்வியைத்தான். சாகினாவின் பேச்சு, கடிதம், தீர்ப்பு, பேட்டி. இந்த நாலையும் தேதி வரிசையில் அடுக்கினால் உன் பேராசிரியர் வேறு ஒன்றும் கேட்க மாட்டார்.

பாலாற்றான்:

2008தான் சார், முடிவாகிவிட்டது. நாளைக்கே நூலகத்தில் அந்தக் கடிதத்தை எடுத்துவிடுகிறேன். நளினி அக்காவுக்கும் நன்றி. பெஞ்சு அண்ணனின் அரைப் பக்கக் கட்டுரையை முன்னுரையில் மறுப்பதற்காக வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.